எழுதப்பட்டதா, தொகுக்கப்பட்டதா, ஒருநூலா? – அரசமைப்புக் கையேட்டுக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் கையேட்டை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். பிரித்தானியா தன் அரசமைப்பை ஒரே ஆவணமாக இயற்றிக்கொள்ள வேண்டுமா என்று வேலூரில் எங்கள் இளங்கலை மாணவர்கள் திங்களன்று விவாதிக்கவிருக்கிறார்கள். அத்தகைய அரசமைப்பை ஆங்கிலத்தில் 'கோடிஃபைட்' (codified) என்பார்கள்; அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பத்து நாள் பேசியும் தலைப்பின் முதற்சொல் நமக்கு முடிவாகவில்லை.

'எழுதப்படாத அரசமைப்பு' என்னும் பாடநூல் வழக்கை நான் விட்டதற்குக் காரணம் உண்டு. 1689-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம், 1911, 1949 ஆண்டுகளின் நாடாளுமன்றச் சட்டங்கள், 1998-இன் மனித உரிமைச் சட்டம் ஆகிய யாவும் எழுதப்பட்டவையே. மரபாக மட்டும் நிற்பவையும் அங்கே பல உண்டு என்றாலும், அந்நாட்டில் இல்லாதது எழுத்து அன்று. ஆட்சியின் அடிப்படைகளை ஓரிடத்தில் வைத்துப் பிற சட்டங்களுக்கு மேலாக நிறுத்திய ஆவணம்தான் இல்லை. பிரித்தானியர் வாய்மொழியாலேயே ஆளப்படுகிறார்கள் என்று மாணவர்கள் தேர்வுத்தாளில் எழுதுவதை ஆண்டுதோறும் திருத்துகிறேன். அந்தப் பிழை அவர்களுடையது அன்று, நாம் கொடுத்த சொல்லுடையது.

குடியாத்தத்து நண்பர் முன்வைத்த 'தொகுக்கப்பட்ட' என்பது கேட்டதும் புரிகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் தொகுத்தல் என்றால் நமக்கு எட்டுத்தொகை நினைவுக்கு வரும். தனிப்பாட்டாக இருந்த ஒன்று நற்றிணைக்குள் சேர்ந்ததால் பிற பாடல்களை ஆளும் அதிகாரம் அதற்கு வந்துவிடவில்லை. சென்ற வாரம் இச்சொல்லை வகுப்பில் சொல்லிப் பார்த்தபோது ஒரு மாணவி எழுந்து, "லாங் பஜார் பைண்டிங் கடையில எல்லாச் சட்டத்தையும் ஒண்ணாத் தைச்சுக் கொடுத்துட்டா அது தொகுத்த அரசமைப்பு ஆயிடுமா, சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இச்சொல்லில் விடை இல்லை.

திருப்பத்தூர்ப் புலவர் ஐயா 'யாத்த அரசமைப்பு', அதாவது கட்டி இயற்றிய அரசமைப்பு, என்பதில் உறுதியாக இருக்கிறார். இலங்கையில் 'அரசியல் யாப்பு' என்பது வழக்கில் இருப்பதும், சங்கங்களின் விதிகளையே அங்கே யாப்பு என்று சொல்வதும் அவருக்கு வலுவான சான்றுகள். ஆயினும் தொல்காப்பிய மரபியலின் 'அதர்ப்பட யாத்தல்' அவர் கருத்துக்குத் துணை வராது என்பதைப் பணிவுடன் சொல்கிறேன். அது மொழிபெயர்ப்போடு சேர்த்துச் சொல்லப்பட்டது. அதுவும் முதனூலைத் தழுவிச் செய்யும் வழிநூலின் வகைகளை எண்ணுமிடத்தில் வருவது. முதனூலாக நிற்க வேண்டிய ஒன்றுக்கு வழிநூலின் இலக்கணத்தைக் காட்டலாமா? எங்கள் மாணவர்க்கோ யாப்பு என்றால் வெண்பாதான்.

'கோடிஃபைட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர் நம் 'கோடு' என்று சிலர் எழுதியதை ஏற்க இயலவில்லை. அதன் வேரான 'கோடெக்ஸ்' இலத்தீனில் அடிமரத்தைக் குறித்து, பின் எழுதும் மரப்பலகையையும் கட்டிய ஏட்டையும் குறித்த சொல். ஒலி ஒத்திருப்பதை உறவாகக் கொள்ளத் தொடங்கினால் நம் மொழிக்குத்தான் இழுக்கு. கல்லில் எழுதிவைத்த ஆட்சிவிதிக்குச் சான்றாக ஆற்காட்டு அம்மையார் உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டை நினைவூட்டியது பொருத்தம்தான். ஆனால் 919-இல் வகுத்த விதிகளை அந்தச் சபையே 921-இல் திருத்தி மீண்டும் வெட்டியிருக்கிறது. கல்லில் இருப்பதும் மாற்றவியலாமல் இருப்பதும் வெவ்வேறு.

என் பரிந்துரை 'ஒருநூல் அரசமைப்பு.' எங்கள் வீட்டு நிலைக்கு மரம் இழைத்த தச்சர், காவி தோய்த்த நூலை இருமுனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினார். மரத்தில் நேர்ச்சிவப்பாய் ஒரு கோடு விழ, அதற்கு வெளியே நின்ற கோணலெல்லாம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. மரத்தின் கோட்டத்தைத் தீர்க்கும் அந்த நூலைத்தான் நன்னூலார் ஏட்டு நூலுக்கு உவமையாக்கினார். 1973-இல் நம் உச்ச நீதிமன்றத்தின் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகளில் எழுவர், அரசமைப்புத் திருத்தம் கூட அதன் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கலாகாது என்று சொன்னது அந்த நூலைப் பிடித்துத்தான். பிரித்தானியாவில் 2011-இல் நாடாளுமன்றத்தின் காலத்தை வரையறுத்த சட்டத்தை 2022-இல் இன்னொரு சாதாரணச் சட்டம் நீக்கிவிட்டது. எனினும் 2019-இல் நாடாளுமன்றக் கூட்டத்தொடரை நிறுத்திவைத்தது செல்லாது என்று 11 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளிக்க, அங்கே அப்படியொரு நூல் தேவைப்படவில்லை. மாணவர்கள் மோதவேண்டிய இடம் இதுவே; சொல் அதை மறைக்கக் கூடாது.

நியூசிலாந்தைக் காட்டி ஒருவர் மறுத்தது நியாயம். 1986-இல் அங்கே அரசமைப்புச் சட்டம் என்ற பெயரிலேயே ஒன்று வந்தும், அது எல்லாவற்றையும் உள்ளடக்கவில்லை. பெரும்பகுதியைச் சாதாரணப் பெரும்பான்மையால் மாற்றவும் முடியும். அதற்கு 'ஒருநூல்' பொருந்தாது என்பதே என் விடை.

வாக்கு எண்ணியதில் 'தொகுக்கப்பட்ட' முந்துகிறது. 1989-இல் மாவட்டம் பிரிந்தபோது, வரைவுக்குழுத் தலைவரின் பெயரால் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று அழைக்கப்பட்ட மண் இது. இங்கே அச்சாகும் கையேட்டில் இச்சொல் குறைபட்டு நிற்பது எனக்கு வருத்தமே. தலைப்பில் பெரும்பான்மைச் சொல்லையே இடுகிறேன். முதற்பக்கத்தில் அதனருகே அடைப்புக்குறிக்குள் 'ஒருநூல்' என்று சேர்க்க இசைவு வேண்டுகிறேன். ஐயா 'யாத்த' என்பதை விடவில்லை என்று இன்று காலையும் எழுதியிருக்கிறார்; அவர் மறுப்பையும் அடிக்குறிப்பில் அப்படியே தருகிறேன். வியாழன் இரவுக்குள் மெய்ப்புத் திருத்தங்களை அனுப்புங்கள்.