153 செ.மீ. உயரத்திற்கு எஃகு சைக்கிள் ஃபிரேம்: சக்கரம், கோணம், குழாய் பற்றி ஆலோசனை தேவை

கோவைச்சாரல்:

வணக்கம். என் உயரம் 153 செ.மீ., எடை 52 கிலோ. 200, 300 கி.மீ. பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) பயணங்களுக்கும், மழைக்காலத்தில் வால்பாறை, கோத்தகிரி மலைச்சாலைகளுக்கும் ஏற்றபடி ஓர் எஃகு ஃபிரேமை அளவெடுத்துச் செய்துகொள்ள முன்பணம் கொடுத்திருக்கிறேன். இப்போது ஓட்டும் 700சி சக்கர அளவுள்ள சைக்கிளில், மெதுவாகத் திரும்பும்போது ஷூவின் முனை முன்சக்கரத்தில் இடிக்கிறது. அதில் 32 மி.மீ. டயரும் 170 மி.மீ. கிராங்கும் (பெடலைத் தாங்கும் கை) உள்ளன, அளவு அட்டவணைப்படி ஹெட் டியூப் (ஃபோர்க் திரும்பும் முன்பக்கக் குழாய்) கோணம் 72 பாகை, ஃபோர்க் ஆஃப்செட் (திரும்பும் அச்சிலிருந்து முன் ஆக்சில் முன்தள்ளியிருக்கும் தூரம்) 45 மி.மீ.

புதிய ஃபிரேமில் முன்பக்கம் ஒரு ஹேண்டில்பார் பையும் மட்கார்டும் கட்டாயம் வேண்டும். சற்றுச் சிறிய 650பி சக்கரத்துக்கு மாறினாலே கால் இடிப்பது நின்றுவிடுமா? ரேனால்ட்ஸ் நிறுவனத்தின் 853 என்ற உயர்ரக எஃகுக் குழாய்க்குக் கூடுதல் விலை கொடுப்பது தகுமா? பாட்டம் பிராக்கெட் (கிராங்க் சுழலும் அச்சுப் பகுதி), பிரேக் வகைகளையும் நானே எழுதித் தர வேண்டும் என்று ஃபிரேம் செய்பவர் சொல்லியிருக்கிறார்.

முன்னச்சு:

650பி மட்டும் போதாது. 700சி ரிம்மின் விட்டம் 622 மி.மீ., 650பி ரிம்மின் விட்டம் 584 மி.மீ. என்பதால் வித்தியாசம் பெரிதாகத் தோன்றும். ஆனால் சிறிய ரிம்மில் எல்லோரும் அகலமான டயரைத்தான் போடுகிறார்கள். 32 மி.மீ. டயருடன் 700சி சக்கரத்தின் ஆரம் 343 மி.மீ., 38 மி.மீ. டயருடன் 650பி சக்கரத்தின் ஆரம் 330 மி.மீ.; ஆகவே உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி வெறும் 13 மி.மீ.தான், அதிலும் ஒரு பகுதியை மட்கார்டு எடுத்துக்கொள்ளும். கிராங்கை 160 மி.மீ. ஆக்கினால் இன்னொரு 10 மி.மீ. சேரும், உங்கள் உயரத்துக்கு அந்த நீளம் எப்படியும் பொருத்தமானதே.

மீதியை வடிவக் கணக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஹேண்டில்பாரின் இடத்தை மாற்றாமல் ஹெட் டியூப் கோணத்தை 72 பாகையிலிருந்து 71 ஆகக் குறைத்தால், முன் ஆக்சில் ஏறத்தாழ 8 முதல் 9 மி.மீ. முன்னே போகும். ஆஃப்செட்டை 55 மி.மீ. ஆக்கினால் மேலும் சுமார் 10 மி.மீ. கிடைக்கும். இந்த இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும் என்பதற்குக் காரணம் டிரெயில், அதாவது ஃபோர்க் திரும்பும் அச்சை நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையிலுள்ள தூரம். ஆரத்தைக் கோணத்தின் கொசைனால் பெருக்கி, ஆஃப்செட்டைக் கழித்து, கோணத்தின் சைனால் வகுத்தால் டிரெயில் வரும்: உங்கள் இப்போதைய சைக்கிளுக்கு அது 64 மி.மீ., நான் சொல்லும் அமைப்புக்கு 55 மி.மீ. ஆஃப்செட்டை மாற்றாமல் கோணத்தை மட்டும் சாய்த்தால் டிரெயில் 66 மி.மீ. வரை ஏறும், முன்பக்கம் பை தொங்கும்போது, ஏற்றத்தில் மெதுவாக மிதிக்கையில் ஹேண்டில்பார் கனத்துப் போய்ப் பக்கவாட்டில் சாயத் தொடங்கும்.

பாட்டம் பிராக்கெட் டிராப் (சக்கர ஆக்சில்களுக்குக் கீழே அது இறங்கியிருக்கும் அளவு) 65 மி.மீ. இருக்கட்டும், தரையிலிருந்து 265 மி.மீ. உயரம் கிடைக்கும். 700சி பழக்கத்தில் 75 என்று எழுதிவிட்டால், கொண்டை ஊசி வளைவில் சாய்ந்து மிதிக்கும்போது பெடல் தரையில் உரசும் வாய்ப்பு கூடும்.

இன்னொன்று: டாப் டியூப் (ஃபிரேமின் மேல்குழாய்) நீளத்தைக் கொண்டு அளவை முடிவு செய்யாதீர்கள். சிறிய ஃபிரேம்களில் சீட் டியூபைச் (இருக்கையைத் தாங்கும் குழாய்) செங்குத்தாக்கி டாப் டியூப் குட்டையாக இருப்பதுபோல் காட்டிவிடுகிறார்கள். கை எட்ட வேண்டிய தூரம் அப்படியே இருக்கும். பாட்டம் பிராக்கெட்டிலிருந்து ஹெட் டியூபின் மேல்முனை வரையுள்ள செங்குத்து உயரமான ஸ்டாக், கிடைத்தூரமான ரீச் ஆகிய இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

பித்தளைப்பற்று:

853 குறித்து: எந்த வகை எஃகானாலும் அதன் விறைப்பு ஏறத்தாழ ஒன்றுதான்; விலை கூடக் கூட வலிமைதான் கூடுகிறது, அந்த வலிமையை நம்பிச் சுவரை மெல்லியதாக்கலாம் என்பதே அதன் பயன். வெல்டிங் செய்த இணைப்பு காற்றில் ஆறும்போது இறுகுவது 853இன் தனிச்சிறப்பு. உங்கள் ஃபிரேம் லக் (குழாய்முனைகள் செருகப்படும் இணைப்புத் துண்டு) வைத்து வெள்ளிப் பற்றாசில் இணைக்கப்படுவதாக இருந்தால், அந்தச் சிறப்புக்குக் கொடுக்கும் பணம் வீண். அதே நிறுவனத்தின் 725 தாராளமாகப் போதும்.

விறைப்பைத் தீர்மானிப்பது விட்டம். சுவர் தடிமன் ஒன்றாக இருக்கும்போது, 28.6 மி.மீ. டவுன் டியூபைவிட (ஹெட் டியூபிலிருந்து பாட்டம் பிராக்கெட்டுக்கு இறங்கும் குழாய்) 31.8 மி.மீ. குழாய் சுமார் 37 விழுக்காடு கூடுதல் விறைப்பானது. 80 கிலோ எடையுள்ளவருக்கு அது தேவைப்படலாம். 52 கிலோவுக்கு, பின்பக்கம் பைகளே இல்லாதபோது, 28.6 டவுன் டியூபும் 25.4 டாப் டியூபும் 0.8/0.5/0.8 சுவருடன் (முனைகளில் 0.8, நடுவில் 0.5 மி.மீ. தடிமன்) இதமாக ஓடும். பருத்த குழாய்தான் உறுதி என்று செய்பவர் வற்புறுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கோவைச்சாரல்:

இருவருக்கும் நன்றி. லக் இணைப்புதான், ஆகவே 725 என்று எழுதிவிடுகிறேன். 160 மி.மீ. கிராங்க் கிடைக்குமா என்பதும், வெளியூரில் 650பி டயர் கிழிந்தால் என்ன செய்வது என்பதும்தான் இப்போதைய கவலை.

மலைச்சக்கரம்:

டயரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கடைகளில் 27.5 அங்குலம் என்று விற்கப்படும் மலைச் சைக்கிள் டயரும் 650பியும் ஒரே 584 மி.மீ. ரிம்முக்கானவை. அவசரத்துக்குக் கிடைக்கும் டயர் முரட்டுக் கட்டைகளுடன் அகலமாக இருக்கும் என்பதால், செயின் ஸ்டேக்களுக்கு (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின் ஆக்சிலுக்குச் செல்லும் குழாய்கள்) இடையே 48 மி.மீ. டயர் நுழையும் இடத்தைக் கேளுங்கள். அதற்கு அவற்றின் நீளம் 435 மி.மீ. இருந்தால் வசதி.

ஷிமானோ 105 வரிசையில் 160 மி.மீ. கிராங்க் உண்டு. ஆனால் அதில் சிறிய பல்சக்கரம் 34 பல்தான், ஆகவே ஏற்றத்துக்குப் பின்னால் 36 பல் வரை உள்ள கேசட்டைப் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுப்பு) போட்டுக்கொள்ளுங்கள்.

பாட்டம் பிராக்கெட் 68 மி.மீ. பி.எஸ்.ஏ. மரை (திருகிப் பொருத்தும் வகை), வேறு எதுவும் வேண்டாம். அழுத்திப் பொருத்தும் வகையில் துளை சிறிது பிசகினாலும் கிறீச்சிடும். மழையில் வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளை இறங்குவதற்கு டிஸ்க் பிரேக்கே சரி. முன்னால் 100, பின்னால் 142 மி.மீ. அகலத்தில் 12 மி.மீ. திரூ ஆக்சில் (சக்கர நடுவினூடே செருகித் திருகும் தண்டு) எழுதுங்கள். டிஸ்க் பிரேக்கின் விசை இடப்பக்க ஃபோர்க் காலின் அடியில் விழுவதால், அதற்கென்று செய்த தடித்த ஃபோர்க் கால்களைக் கேட்க வேண்டும். மட்கார்டு, பைத்தாங்கி, டைனமோ விளக்கின் கம்பி ஆகியவற்றுக்கான மரைகளும் துளைகளும் பெயின்ட் அடிக்கும் முன்பே வைக்கப்பட வேண்டியவை. வரைபடத்தில் அவை ஒவ்வொன்றும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.