தஞ்சைப் பெரிய கோவிலில் உங்களால் மறக்க முடியாதது எது?

வல்லம்ரோடு:
ஒன்பது வருடம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. மே மாதம், சாயங்காலம் நாலு மணி, கல் தரை கொதிக்கிறது. கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதே பையனுக்கு எல்லாம் சொல்லியாச்சு: ராஜராஜன் கட்டியது, 1010-ல் முடித்தது, கருவறை மேல் நிற்கும் விமானம் 216 அடி, அதன் நிழல் தரையில் விழவே விழாது. கடைசியாகச் சொன்னதற்குத்தான் அவன் கண் விரிந்தது. அப்போது மூன்றாம் வகுப்பு.

நந்தியைத் தாண்டியதும் சூடு தாங்காமல் தெற்குப் பக்கமாகக் குதித்துக் குதித்து ஓடினான். ஓரிடத்தில் சட்டென்று நின்றான். நானும் போய் நின்றேன், கால் சுடவில்லை. குனிந்து தரையைப் பார்த்தான், அப்புறம் நிமிர்ந்து விமானத்தைப் பார்த்தான். "அப்பா, அப்ப இது என்னது?"

பக்கத்தில் ஒரு வழிகாட்டி பத்துப் பேரை நிறுத்தி, அதே நிழலில் நின்றபடி, நிழல் விழாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பத்துப் பேரும் வெயில் படாமல் நெருக்கியடித்து நின்று தலையாட்டினார்கள்.

நான் பையனிடம், "அது மண்டபத்தோட நிழல்டா" என்றேன். சரி என்றான்.

கீழவாசல்காரன்:
நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். உச்சி வேளையில் தரையில் விழாது என்பதுதான் பெரியவர்கள் சொன்னது. எண்பது டன் ஒற்றைக் கல்லைச் சாரப்பள்ளம் கிராமத்திலிருந்து சாரம் கட்டி விமான உச்சிக்கு ஏற்றியவர்களுக்கு இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா?

என் கதை சின்னது. ஒரு பிரதோஷம், நந்திக்கு அபிஷேகம். கூட்டத்தில் எனக்குத் தெரிந்தது நந்தியின் ஒரு காது மட்டும்தான். அந்தக் காது நுனியிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் அதையே பார்த்தேன். வேறு எதுவும் நினைவில்லை.

ஓவர்டைம்:
அண்ணே, கோபப்படாதீங்க. மார்கழி மாதம் மதியம் பன்னிரண்டு மணிக்கு விமானத்தின் வடக்குப் பக்கம் போய் நில்லுங்கள், தரையில் நன்றாகவே விழும். ஏப்ரலில் ஒரு நாள், ஆகஸ்டில் ஒரு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அன்றைக்கு உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் பக்கத்தில் நிழல் இருக்காது. மேலே இருப்பதும் ஒற்றைக் கல் இல்லை, பல கற்களைச் சேர்த்தது என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த நந்தியே ராஜராஜன் வைத்தது இல்லை, நாயக்கர் காலத்தது. அவ்வளவு கல்லைச் சுண்ணாம்பு இல்லாமல் அடுக்கி ஆயிரம் வருடம் நிற்க வைத்தது போதாதா? அதற்கு மேல் நாம் வேறு கதை கட்ட வேண்டுமா?

என் அனுபவம் அப்புறம் எழுதுகிறேன்.

தையல்மெஷின்:
சண்டைக்கு நடுவில் வருகிறேன். அன்றைக்கு அக்காவோடு சண்டை போட்டுவிட்டுத் தனியாகப் போயிருந்தேன், நகை விஷயம். விமானத்தைச் சுற்றிச் சுவர் முழுக்கக் கல்வெட்டு. எனக்கு ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. ஒரு பெரியவர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். நான் நிற்பதைப் பார்த்து, "இங்க பாரும்மா" என்று விரலை ஓட்டினார். நான் கொடுத்தது, அக்கா கொடுத்தது, நம் பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்கிறார் ராஜராஜர். 'அக்கன்' என்று இருக்கிறது, குந்தவைதான். 'கொடுத்தன' இல்லை, 'குடுத்தன'! நாம் வீட்டில் பேசுகிற மாதிரியே. அந்தக் 'கு'வைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு ராஜா, தான் கொடுத்ததற்கு அடுத்தபடியே அக்கா கொடுத்ததையும் எழுத வைத்திருக்கிறார். எனக்கு ஏனோ எரிச்சலாக வந்தது.

அலமாரிசாவி:
சகோதரி, கல்வெட்டைத் தொடாதீர்கள். கை எண்ணெய் கல்லுக்கு ஆகாது. நான் போனது ஓவியம் பார்க்க. கருவறையைச் சுற்றியுள்ள உள் பாதையில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். பொதுமக்களை விடுவதில்லை. கெஞ்சினேன், "இல்ல சார்" என்றார்கள். அவ்வளவுதான் என் கதை.

போகிறவர்கள் கவனிக்க: காலையில் ஆறரைக்குள் போய்விடுங்கள். வெயில் காலத்தில் மதியம் போய்க் கால் வெந்தது என்று இங்கே வந்து எழுதாதீர்கள். பழைய சாக்ஸ் ஒரு ஜோடி பையில் போடுங்கள். கருவறை மதியம் சாத்திவிடுவார்கள், அந்த நேரத்தில் அரண்மனைக் கலைக்கூடத்தில் செப்புத் திருமேனிகளைப் பாருங்கள். தாராசுரத்தையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் அதே நாளில் திணிக்காதீர்கள், மூன்றும் குழம்பிவிடும். சாப்பாடு பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம். வழிகாட்டி வைத்தால் காசை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். குடை முக்கியம். பவர் பேங்க்

ஓவர்டைம்:
யாரும் கேட்கவே இல்லையே சார்.

வல்லம்ரோடு:
இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று ராத்திரி பையனிடம் கேட்டேன். இப்போது பிளஸ் டூ. மொபைலிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்: "அன்னிக்கே தெரியும்ப்பா. மண்டபத்து மேல ஏது கலசம்? நான் நின்னது கலசத்து நிழல்ல."