ரக் ஹூக்கிங்குக்குத் தமிழில் என்ன பெயர்?

பொருள்: அவசரம் – ரக் ஹூக்கிங், தமிழ்ச் சொல் தேவை
அனுப்புநர்: செ.

நண்பர்களுக்கு வணக்கம்.

கைவினை பழகும் நண்பர் குழு ஒன்றுக்காகச் சிறு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தையல், பின்னல், பூவேலைப் பகுதிகள் தடையில்லாமல் முடிந்தன. ரக் ஹூக்கிங் என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். சாக்குத் துணி போல இழைகளுக்கு நடுவே இடைவெளி உள்ள துணியைச் சட்டத்தில் விறைப்பாகக் கட்டுவார்கள். கம்பளித் துணியை ஒல்லியான கீற்றுகளாக வெட்டி வைத்துக்கொள்வார்கள். ஒரு கை துணிக்கு அடியில் கீற்றைப் பிடித்திருக்கும். இன்னொரு கை மேலேயிருந்து மரப்பிடி போட்ட கொக்கியை இடைவெளியில் இறக்கி, கீற்றைக் கவ்வி, சிறு வளைவாக மேலே இழுக்கும். அப்புறம் கொஞ்சம் தள்ளி அடுத்த வளைவு. இப்படியே பூவோ வீடோ பறவையோ நிரப்பிக்கொண்டு போனால் விரிப்பு தயார்.

இப்போதைக்கு 'கொக்கிக் கம்பளம்' என்று எழுதியிருக்கிறேன். படிப்பவர் கொக்கி மாட்டித் தொங்கவிடும் கம்பளம் என்று எடுத்துக்கொள்வாரோ என்று தயக்கமாக இருக்கிறது. வியாழன் இரவுக்குள் கருத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
செ.

---

அனுப்புநர்: இரா.

அன்பு செ.,

கொக்கி நம் சொல், அதை விட வேண்டாம். கொக்கின் வளைந்த கழுத்தைப் பார்த்துக் கருவிக்குப் பெயர் வைத்தார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 'கொடு' என்ற அடிக்கு வளைவு என்று பொருள். கொடுவாள் வளைந்த வாள். கொம்பைக் 'கோடு' என்கிறோம். கோணல், கூன், குனிதல் எல்லாம் அந்தப் பக்கத்து உறவுகள்தாம். கொக்கும் கொக்கியும் தனித்தனியே இந்த வளைவிலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. பறவைக்குக் கருவி கடன்படவில்லை.

கம்பளம் வடசொல். நமக்குத் தவிசு இருக்கிறது. இருக்கையையும் குறிக்கும், விரிப்பையும் குறிக்கும். 'கொக்கித் தவிசு' என்று வையுங்கள். சொல்லும்போதே ஒரு கட்டு இருக்கிறது.

இரா.

---

அனுப்புநர்: ம.

செ., இரா. ஐயா இருவருக்கும் வணக்கம். நான் இந்த வேலையைச் செய்பவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கொக்கியை வைத்துப் பெயரிட்டால் குரோஷாவை எங்கே வைப்பது? அதைத்தான் ஏற்கனவே கொக்கிப் பின்னல் என்கிறோம். லாட்ச் ஹூக் என்று இன்னொன்று உண்டு. அதிலும் கொக்கி இருக்கிறது, ஆனால் துண்டு நூல்களை ஒவ்வொன்றாக முடிச்சுப் போடும் வேலை அது. பஞ்ச் நீடில் என்பதில் கொக்கியே கிடையாது. துணியின் பின்புறத்திலிருந்து ஊசியால் நூலை உள்ளே தள்ளுவார்கள். முடிந்த பிறகு முன்பக்கத்தைப் பார்த்தால் ரக் ஹூக்கிங்குக்கு உடன்பிறப்பு போல இருக்கும். ஆக, கருவி நமக்கு வழிகாட்டாது.

இந்த வேலையின் உயிர் அந்தச் சிறு வளைவுகளில் இருக்கிறது. அவற்றில் முடிச்சு கிடையாது. அடித்துணியின் இழைகள் பிடித்துக்கொள்வதாலும், பக்கத்து வளைவுகள் நெருக்குவதாலும் நிற்கின்றன. கீற்றின் முனையைப் பிடித்து இழுத்தால் வரிசை முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும். பிடிக்காத நிறத்தை எடுத்துவிட்டு வேறு நிறம் போடுவது அதனால்தான் இவ்வளவு எளிது. ஒவ்வொரு ஓட்டையிலும் வளைவு போடத் தேவையில்லை. அளவுக்கு மீறி நெருக்கினால் விரிப்பு தரையில் படியாமல் வளைந்துகொள்ளும். நெருக்கம் எவ்வளவு என்பதைக் கை பழகித்தான் அறிய வேண்டும்.

வரலாறும் சொல்லிவிடுகிறேன், பெயர் வைக்க உதவலாம். 19ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில், மெயின், நோவா ஸ்கோஷியா, நியூஃபவுண்ட்லாந்து பக்கங்களில் இது செழித்தது. சணல் சாக்குகள் தாராளமாக வந்து சேர்ந்ததும், காலியான சாக்கைப் பிரித்து அடித்துணி ஆக்கினார்கள். கிழிந்த உடைகள் கீற்றுகளாயின. மெயின் மாநிலத்தில் எட்வர்ட் சாண்ட்ஸ் ஃபிராஸ்ட் என்ற தகரச் சாமான் வியாபாரி, 1860களின் இறுதியில் உலோகத் தகட்டில் அச்சு வெட்டிச் சாக்குத் துணியில் ஓவியம் பதித்து விற்கத் தொடங்கினார். நியூஃபவுண்ட்லாந்திலும் லாப்ரடாரிலும் மருத்துவர் வில்ஃபிரட் கிரென்ஃபெல்லின் பணிக்குழு, மீனவக் குடும்பத்துப் பெண்கள் செய்த விரிப்புகளை வருமானமாக்கிக் கொடுத்தது. பழைய பட்டுக் காலுறைகளைக் கேட்டு வாங்கிச் சாயம் போட்டு, அதையே கீற்றாக்கினார்கள். இல்லாமையில் பிறந்த கலை இது. 'தவிசு' என்றால் எனக்கு அரசவை தெரிகிறது, பழந்துணி தெரியவில்லை.

என் யோசனை: கண்ணி. வலைக்குக் கண்ணி, சங்கிலிக்குக் கண்ணி. 'கண்ணிக் கம்பளம்'.

ம.

---

அனுப்புநர்: வே.

கணினியில் லூப் என்பதற்கு 'மடக்கு' என்று எழுதிவருகிறோம். 'மடக்கு விரிப்பு' சரியாக வருமா?

---

அனுப்புநர்: இரா.

> 'மடக்கு விரிப்பு' சரியாக வருமா?

வராது வே. மடக்கு விரிப்பு என்றால் மடக்கி வைக்கக்கூடிய விரிப்பு, மடக்குக் கட்டில் போல. தவிர, மடக்கு யாப்பறிந்தவர்களுக்கு அணியின் பெயர். வந்த எழுத்துத் தொடரே திரும்ப வந்து வேறு பொருள் தருவதைத் தண்டியலங்காரம் மடக்கு என்கிறது. திரும்ப வருவதால் கணினிக்குப் பொருந்தும், துணிக்குப் பொருந்தாது.

கண்ணி பற்றி ம. அவர்கள் எழுதியது எனக்குப் பிடித்திருக்கிறது. தலையில் சூடும் மாலைக்கும் கண்ணி என்று பெயர். சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. இரண்டிரண்டு பூவாக வைத்துத் தொடுப்பதால் கண்ணி, இரண்டிரண்டு அடியாகப் போவதால் தாயுமானவரின் பராபரக்கண்ணியும் கண்ணி. தொடர்ந்து கோத்துக்கொண்டே போவது என்ற கருத்து எல்லாவற்றிலும் ஓடுகிறது.

ஆனால் பழந்துணி தெரிய வேண்டும் என்று கேட்டீர்களே, அதற்கு வேறொன்று தருகிறேன். சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துத் தொழிலாளர்களைச் சொல்லிவரும் இடத்தில், 'கிழியினும் கிடையினும் தொழில்பல பெருக்கி' என்று வருகிறது. கிழி என்றால் துணி, கிடை என்றால் நெட்டி. துணியையும் நெட்டியையும் கொண்டு பல கைவேலை செய்தவர்களுக்குப் புகாரின் வரிசையில் இடம் இருக்கிறது! வீட்டுக் கைவினை என்று இன்று நாம் சொல்வதற்கு இதைவிடப் பழைய சான்று எனக்குத் தோன்றவில்லை. 'கிழிக்கம்பளம்' என்று வைத்தால் என்ன? கம்பளத்தைக்கூட உங்களுக்காக விட்டுக்கொடுக்கிறேன்.

இரா.

---

அனுப்புநர்: ந.

பள்ளியில் கைவேலை வகுப்பு எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். பிள்ளைகள் முன்னால் 'கிழிக்கம்பளம்' என்று சொன்னால் அடுத்த நிமிடம் வகுப்பில் ஒரு துணி மிஞ்சாது. பொற்கிழியில் மட்டும் அந்தப் பழைய பொருள் மிச்சம் இருக்கிறது. மற்ற இடங்களில் கிழி என்றால் கிழிப்பதுதான்.

கண்ணிக்கும் இதே தொல்லை. செய்தி படித்து வளர்ந்தவர்களுக்குக் கண்ணி என்றதும் வருவது கண்ணிவெடி. அதற்கு முன்னால் பறவை பிடிக்கும் கண்ணி. இரண்டும் சிக்கவைக்கும் பொருள்கள். நண்பர்கள் உட்கார்ந்து அமைதியாகச் செய்யும் வேலைக்கு இந்தப் பெயரா?

குரோஷா, எம்பிராய்டரி என்று வீடுகளில் தயக்கமில்லாமல் சொல்கிறார்கள். ரக் ஹூக்கிங் என்றே தமிழில் எழுதிவிட்டு, கீழே இரண்டு வரி விளக்கம் போதும். கற்றுக்கொள்ள வருபவர் சொல்லைக் கண்டு ஒதுங்கக் கூடாது.

ந.

---

அனுப்புநர்: ம.

ந. அவர்களே, எழுத்துப்பெயர்ப்பில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கையேட்டில் பெயர் ஒரு முறைதான் வரும், வினை பக்கத்துக்குப் பத்து முறை வரும். 'இலையின் ஓரத்தை முதலில் ஹூக் செய்யவும், பிறகு உள்ளே ஹூக் செய்யவும்' என்று எழுதிக்கொண்டே போனால் அது எந்த மொழி? வினை சரியாக அமைந்தால் பெயர் தானே அமையும்.

கண்ணிவெடியை நினைத்துக் கண்ணியை விட்டுவிட்டால், வலை முடிபவர்களும் சங்கிலி செய்பவர்களும் தினமும் புழங்கும் சொல்லை வெடிக்குத் தாரை வார்த்துவிடுகிறோம். எனக்கு அதில் சம்மதமில்லை.

ம.

---

அனுப்புநர்: த.

வணக்கம். ஈழத்து வழக்கில் கொக்கியைக் கொழுவி என்போம், மாட்டுவதைக் கொழுவுதல் என்போம். 'இலையின் ஓரத்தை முதலில் கொழுவவும்.' வினை தானாக வருகிறது. விரிப்பைக் 'கொழுவல் விரிப்பு' எனலாம்.

த.

---

அனுப்புநர்: செ.

த., உங்கள் வாக்கியம் படிக்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் குழுவில் பலருக்குக் கொழுவுதல் புதிய சொல். சிலர் கொளுத்துதலோடு குழப்பிக்கொள்ளவும் கூடும். அப்புறம் கொழுவுவது மாட்டுவது அல்லவா? இங்கே மாட்டியதை மேலே இழுத்து நிறுத்துகிறோம்.

துணைச் சொற்களை முடித்துவிட்டேன், பார்த்துச் சொல்லுங்கள். அடியில் இருப்பது அடித்துணி. ஃபிரேம் சட்டம். கம்பளித் துண்டு 'கீற்று'. கீற்றின் அகலத்தை எண்ணால் சொல்லும் முறையை அப்படியே வைத்திருக்கிறேன். ஓர் அங்குலத்தை 32 பங்காக்கி, 3 பங்கு அகலம் என்றால் எண் 3, 8 பங்கு என்றால் எண் 8, அதாவது கால் அங்குலம். மெல்லிய நிழல் காட்டும் பூவிதழுக்குச் சின்ன எண், தடித்த எளிய ஓவியத்துக்குப் பெரிய எண்.

நாளை இரவுக்குள் முடிவு வேண்டும்.

---

அனுப்புநர்: இரா.

கீற்று மிக நன்று. வெட்டியதும் தெரிகிறது, நீளமும் தெரிகிறது.

மேலே இழுத்து நிறுத்துவது என்று செ. சொன்னதும் தோன்றியது: 'எழுகண்ணி'. எழுந்த கண்ணி, எழுகின்ற கண்ணி, எழும் கண்ணி. முக்காலமும் அடங்கிய வினைத்தொகை, எழுஞாயிறு போல. 'எழுகண்ணி விரிப்பு' என்றால் வெடியும் வராது, பறவை பிடிக்கும் பொறியும் வராது. முன்னால் நிற்கும் வினை பொருளைக் காத்துக்கொள்ளும். கிழியை விட்டுவிடுகிறேன். ஆனால் சான்றாகக் கையேட்டின் முன்னுரையில் அந்த அடியைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

---

அனுப்புநர்: வே.

எழுகண்ணியை ஏழு கண்ணி என்று படித்துவிட்டேன். எழுபது, எழுகடல் என்று எழு ஏழையும் குறிக்குமே. ஏழு கண்ணி உள்ள விரிப்பு என்று இன்னொருவரும் படிக்கலாம். 'கண்ணி விரிப்பு' போதும் என்பது என் கருத்து.

---

அனுப்புநர்: ம.

வே. சொன்னதற்கு என் ஒப்புதல். கண்ணி விரிப்பு. வினைக்குக் 'கண்ணி எடுத்தல்'. 'இலையின் ஓரத்தில் முதலில் ஒரு வரிசை கண்ணி எடுக்கவும். கண்ணியின் உயரம் கீற்றின் அகலம் அளவு இருக்கட்டும். கீற்றின் இரு முனைகளும் மேல்பக்கம் வந்து முடிய வேண்டும்; கண்ணி உயரத்துக்கு அவற்றை வெட்டிவிடவும்.' வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், எங்கும் இடறவில்லை.

இன்னொரு சொல்லும் வேண்டும், அதை யாரும் தொடவில்லை. ஹூக்-இன் என்பார்கள். அவரவர் சட்டத்தையும் கீற்றுகளையும் தூக்கிக்கொண்டு வந்து, வட்டமாக உட்கார்ந்து, நாள் முழுக்கச் செய்வது. என்னைக் கேட்டால் இந்தக் கைவினையின் பாதி இன்பம் அங்கேதான். கண் முழுவதையும் கேட்கும் வேலை இல்லை என்பதால் பேச்சு தடைபடாது. எதிரே இருப்பவர் தூரத்திலிருந்து பார்த்து, 'வானத்தில் அந்த நீலம் கனத்துவிட்டது' என்பார். நம் கண்ணுக்குப் பக்கத்தில் அது தெரிந்திருக்காது. சாம்பல் நிறம் தீர்ந்தால் நான்கு பேர் பையைத் திறப்பார்கள். ஒருவருடைய பழைய கோட்டு இன்னொருவர் விரிப்பில் மரப்பட்டையாகிவிடும். புதிதாக வந்தவருக்குப் பக்கத்தில் இருப்பவரே ஆசிரியர். 'கூட்டம்' என்று எழுதினால் நிகழ்ச்சிநிரல் வைத்த கூட்டம் ஆகிவிடுகிறது.

ம.

---

அனுப்புநர்: இரா.

'கூடுகை' சரி. 'கூடல்' இன்னும் நன்று. ஆனால் கூடலில் ஊடலும் சேர்ந்து வரும், அகப்பொருள் பக்கம் போய்விடும். 'கண்ணிக் கூடுகை' என்று வையுங்கள். க் மிகும், மறக்க வேண்டாம்.

---

அனுப்புநர்: செ.

எல்லோருக்கும் நன்றி. நேரமாகிவிட்டதால் இப்படி அனுப்பியிருக்கிறேன்: தலைப்பில் 'கண்ணி விரிப்பு', முதல் பத்தியில் ஒரே ஒரு முறை 'ரக் ஹூக்கிங் என அழைக்கப்படும்', வினை முழுவதும் 'கண்ணி எடுத்தல்', நண்பர்கள் சேர்ந்து செய்வதற்குக் 'கண்ணிக் கூடுகை'. வே., ம. இருவரும் வெளிப்படையாக ஆதரித்தார்கள், த. மறுக்கவில்லை, இரா. ஐயா எழுகண்ணியில் உறுதியாக இருக்கிறார். சிலப்பதிகார அடி முன்னுரையில் இருக்கிறது.

செ.

---

அனுப்புநர்: ந.

கையேடு நன்றாக வரட்டும். என் எதிர்ப்பைப் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள். என் வகுப்பில் ரக் ஹூக்கிங் என்றே சொல்லப்போகிறேன். 'கண்ணி எடுத்தல்' என்ற வினையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அது வேலையைச் சரியாகக் காட்டுகிறது.

---

அனுப்புநர்: இரா.

எழுகடலில் வருவது எண், எழுஞாயிற்றில் வருவது வினை. இடம் நோக்கிப் பிரித்தறியத் தமிழ் படித்தவர்களுக்கு முடியும். இரண்டாம் பதிப்பு வந்தால் சொல்லுங்கள், இதை மறுபடி எடுப்போம்.