புதுப்பிப்பு: டிகாக்‌ஷன் இறங்குகிறது

எவர்சில்வர் காபி ஃபில்டரில் இரவு ஊற்றிய வெந்நீர் விடிந்தும் மேலேயே நிற்கிறது என்று சென்ற வாரம் புலம்பியிருந்தேன். தூளை மாற்றச் சொன்னவர்களே அதிகம். மாற்றவில்லை, அதே 80:20 காபி-சிக்கரிக் கலவைதான். மேல் அடுக்கை விளக்குக்கு நேரே பிடித்தால், பாதித் துளைகளில் வெளிச்சமே தெரியவில்லை! ஒருவர் சொன்னபடி அதை மட்டும் இடுக்கியால் பிடித்து அடுப்புத் தீயில் காட்டினேன். அடைத்திருந்த பழைய தூள் புகைந்து கருகியது. ஆறியபின் பிரஷ்ஷால் தேய்த்ததும் உதிர்ந்தது. (பிளாஸ்டிக் குமிழ் உள்ள பாகத்தைத் தீயருகே கொண்டுபோகாதீர்கள்.)

தூளின் மேல் வைக்கும் குடைத்தட்டையும் இப்போது அழுத்துவதில்லை. தூள் நனையுமளவு வெந்நீர், அது ஊறியதும் மீதி. குளித்துவிட்டு வருவதற்குள் கெட்டி டிகாக்‌ஷன் தயார். அடுத்து சிக்கரி கலக்காத பீபெரி (உருண்டையான ஒற்றைக் காபிக்கொட்டை) தூள்; அது மளமளவென்று இறங்கி நீர்த்துவிடுமோ என்பதுதான் சந்தேகம். போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.