கலைச்சொல் உதவி: 'வின் டோட்டல்' (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

கோவை மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கப் புள்ளியியல் பாடம் ஒன்றைத் தமிழ்வழிக் கல்லூரி மாணவர்களுக்காக மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். நிகழ்தகவு இயல் முழுக்கக் கல்லூரிக் கால்பந்திலேயே ஓடுகிறது. சீசன் தொடங்குவதற்கு முன்பே ஓர் அணி எத்தனை ஆட்டம் வெல்லும் என்று ஓர் எண்ணைச் சொல்கிறார்கள். அதன் பெயர் 'வின் டோட்டல்'. பெரும்பாலும் எட்டரை, ஒன்பதரை என்று அரையில் நிற்கும். அணி அதைத் தாண்டுமா தாண்டாதா என்பதுதான் பேச்சு. 'மொத்த வெற்றிகள்' என்று போட்டால் முடிந்துபோன சீசனின் கணக்கு என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். பக்கத்துக்குப் பக்கம் வருவதால் சொல் சின்னதாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மொழிபெயர்ப்பை அனுப்பியாக வேண்டும்.

ஈரோடு:

வெற்றித்தொகை. அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

நெல்லை வாத்தியார்:

தம்பி ஈரோடு, அவசரம் வேண்டாம். தொகை என்றதும் நம் ஆட்களுக்குப் பணம்தான் நினைவுக்கு வரும். பரிசுத்தொகை, காப்பீட்டுத்தொகை வரிசையில் இதுவும் போய் உட்கார்ந்துவிடும். கோப்பையை வென்ற அணிக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று மாணவன் கேட்பான். இலக்கணப்படி ஆறாம் வேற்றுமைத்தொகை, குற்றமில்லை. குற்றமில்லாத சொல்லெல்லாம் பொருந்தும் சொல் ஆகிவிடாது.

யாழ்ப்பாணத்து ஆசிரியை:

இலங்கையில் நாங்கள் 'எதிர்வுகூறல்' என்றே படிப்பிக்கிறோம். வானிலைக்கும் அதுதான், பொருளாதாரத்துக்கும் அதுதான். 'வெற்றி எதிர்வுகூறல்' என்று வைத்தால் ஒருவருக்கும் குழப்பம் வராது. இன்னொரு விஷயம், கால்பந்து என்று எழுதுகிறீர்கள். எங்களுக்கு அது உதைபந்தாட்டம். ஆனால் இந்த அமெரிக்க ஆட்டத்தில் பந்தை உதைப்பதே அபூர்வம் அல்லவா?

ஈரோடு:

கையில் வைத்துக்கொண்டுதானே ஓடுகிறார்கள், கைப்பந்து என்று வைத்துவிடலாமா அக்கா? வாலிபால்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

கோவை மொழிபெயர்ப்பாளர்:

'அமெரிக்கக் கால்பந்து' என்று முதல் பக்கத்திலேயே விளக்கிவிட்டேன். அதை மறுபடி கிளப்ப வேண்டாம், கும்பிடுகிறேன். சீசனுக்குப் 'பருவம்' என்று எழுதியிருந்தேன். கல்லூரியில் பருவம் என்றால் செமஸ்டர். 'கல்லூரிப் பருவத்தில் எட்டரை வெற்றி' என்று படித்துவிட்டு எத்தனை பாடத்தில் பாஸ் என்று கேட்பார்கள். ஆகவே 'ஆட்டப்பருவம்'. இது முடிந்த விஷயம்.

நெல்லை வாத்தியார்:

ஆட்டப்பருவம் நன்று. இனி மூலச் சொல்லுக்கு வருவோம். போருக்கு முன்பே வெற்றியை அறிய முயல்வது நமக்குப் புதிதன்று. முல்லைப்பாட்டில் பெருமுது பெண்டிர் மாலை வேளையில் ஊருக்கு வெளியே போய், நெல்லும் முல்லையும் தூவி நிற்கிறார்கள். தாயைக் காணாமல் தவிக்கும் கன்றுக்கு ஓர் இடைப்பெண், உன் தாய் இப்போதே வந்துவிடும் என்று ஆறுதல் சொல்வது காதில் விழுகிறது. அதை நற்சொல்லாகக் கொண்டு தலைவன் வென்று திரும்புவான் என்கிறார்கள். இதற்குப் பெயர் விரிச்சி. தொல்காப்பியத்தில் வெட்சித் துறைகளில் ஒன்றாகவே இது வருகிறது. ஆகவே 'வாகை விரிச்சி' என் பரிந்துரை. வாகை என்றால் போர் வெற்றி மட்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். தொல்காப்பியரின் வாகையில் அவரவர் தத்தம் துறையில் மேம்படுவதெல்லாம் அடங்கும். விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

ஈரோடு:

வாத்தியார் ஐயா, கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்தக் கன்று எட்டரை என்றா கத்தியது?

மதுரை மென்பொருளாளர்:

விரிச்சியை விளக்க ஓர் அடிக்குறிப்பு, வாகையை விளக்க இன்னொன்று. புள்ளியியல் பாடம் எங்கே போகும்? 'கணிப்பு' என்று எல்லோருக்கும் தெரிந்த சொல் இருக்கும்போது எதற்கு இந்தச் சுற்று?

நெல்லை வாத்தியார்:

தெரிந்த சொல்லையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தால் கலைச்சொல் ஆக்கம் எதற்கு? சரி, 'கணி'யையே எடுத்துக்கொள்ளுங்கள். வேங்கை மரத்துக்குக் கணி என்று பெயர் உண்டு. அது பூத்தால் தினை அறுக்கும் காலம் வந்துவிட்டது என்று குறவர் அறிந்தனர். எனவே கணிப்பதற்கு வேர் இயற்கையின் அடையாளங்களைப் படிப்பது. வேங்கைக்கும் காலக்கணிதனுக்கும் ஒரே பெயர் ஏன் வந்தது என்று தனியே ஒரு கட்டுரை வைத்திருக்கிறேன், விரும்புவோர் கேட்டால் அனுப்புகிறேன்.

(அன்று இரவுக்குள் நால்வர் கேட்டார்கள். அந்த இழை தனியே ஓடிக்கொண்டிருக்கிறது.)

கொலம்பஸ்காரன்:

நான் இருப்பது ஒஹாயோவில், அதனால் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. நீங்கள் எல்லோரும் இரண்டு வேறு பொருள்களை ஒரே சொல்லில் அடைக்கப் பார்க்கிறீர்கள்.

முதலாவது, கணக்கில் வரும் எண். வழக்கமான ஆட்டப்பருவத்தில் ஓர் அணிக்கு 12 ஆட்டம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வெல்லும் நிகழ்தகவை மதிப்பிட்டு, பன்னிரண்டையும் கூட்டினால் வருவது எதிர்பார்ப்பு. எல்லா ஆட்டத்திலும் 0.8 என்று வைத்தால் 9.6 வெற்றி. இவ்வளவு பலமான அணியும் பன்னிரண்டையும் வெல்ல நூற்றுக்கு ஏழு வாய்ப்புகூடத் தேறாது. ரசிகர்களுக்கு இது மட்டும் புரியவே புரியாது.

இரண்டாவது, பந்தயம் நடத்துகிறவர்கள் வெளியிடும் எண். அது 9.5 என்றால், மேலே சொன்ன அணி பத்தோ அதற்கு மேலோ வெல்ல வாய்ப்பு சுமார் 56 சதவீதம். பாதிக்குப் பாதி அல்ல, ஆகவே 'மேல்' பக்கம் கட்டுகிறவருக்குக் கொஞ்சம் குறைவாகவே கிடைக்கும். எண் முழுசாகப் பத்து என்று இருந்து, அணியும் சரியாகப் பத்து வென்றால் கட்டிய பணம் திரும்ப வரும். அரை வைப்பது இந்தச் சமநிலையைத் தவிர்க்கத்தான். இந்த எண்ணை எதிர்பார்ப்பு என்று மொழிபெயர்த்தால் பாடமே தப்பாகிவிடும்.

இன்னொன்று. இந்த எண்ணில் பொதுவாக அந்த 12 ஆட்டம் மட்டும்தான் சேரும். லீக் இறுதியாட்டமும் தேசியக் கோப்பைக்கான பிளேஆஃபும் சேராது. 2024இல் எங்கள் ஊர்க் கல்லூரி அணியான ஒஹாயோ ஸ்டேட் ஓரிகனிடம் 32-31 என்று தோற்றது, சொந்த மைதானத்தில் மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றது (அந்த நாளைப் பற்றி இங்கே யாரிடமும் பேச்சுக் கொடுக்காதீர்கள்). வழக்கமான ஆட்டங்களில் பத்து வெற்றி, இரண்டு தோல்வி. அப்புறம் பிளேஆஃபில் நான்கு ஆட்டமும் வென்று தேசியக் கோப்பையையே தூக்கியது. மொத்தம் 14 வெற்றி. ஆனால் 10.5க்கு 'மேல்' என்று யாராவது கட்டியிருந்தால் பணம் போயிற்று. உங்கள் 'வாகை' இங்கே எங்கே நிற்கும் ஐயா? வாகை சூடியவன் தோற்ற கணக்கில் வருகிறானே!

நெல்லை வாத்தியார்:

நல்ல கேள்வி. வாகையை விலக்கிக்கொள்கிறேன். விரிச்சியை விலக்கவில்லை.

யாழ்ப்பாணத்து ஆசிரியை:

பந்தயம் என்று வெளிப்படையாகச் சொல்கிறீர்கள். வகுப்பில் சூதாட்டத்தை வைத்துப் பாடம் சொல்வது சரிதானா? பெற்றோர் கேட்க மாட்டார்களா?

கொலம்பஸ்காரன்:

2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்தை மாநிலங்களின் கையில் விட்டுவிட்டது அம்மா. ஒஹாயோவில் 2023 ஜனவரி 1 முதல் சட்டப்படி நடக்கிறது. ஆசைப்பட்டு வருகிற இளைஞர்களைப் பார்க்கையில் உங்கள் கவலை எனக்கும் உண்டு.

மதுரை மென்பொருளாளர்:

நிகழ்தகவே 1654இல் கணித அறிஞர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் சூதாட்டப் பங்கைப் பற்றி எழுதிக்கொண்ட கடிதங்களில் வளர்ந்ததுதான். தாயக்கட்டையை விலக்கிவிட்டு இந்தப் பாடத்தைச் சொல்ல முடியாது. சொல்லுக்கு வருவோம். எதிர்பார்ப்புக்கு 'எதிர்பார்ப்பு' இருக்கட்டும். பந்தய எண்ணுக்கு 'வெற்றிமட்டம்' என்று வைக்கலாம். மேலே, கீழே இரண்டும் மட்டத்தோடு இயல்பாகச் சேரும். தண்ணீர் மட்டம் போல.

ஈரோடு:

மட்டமான வெற்றி என்று படிப்பார்கள் அண்ணா. போதாததற்கு மாணவர்கள் மட்டம் போடுவதில் வல்லவர்கள். 'வெற்றி இலக்கு' வேண்டுமானால்? கிரிக்கெட் பார்க்கிறவர் எல்லோருக்கும் தெரியும்.

கொலம்பஸ்காரன்:

இலக்கு என்றால் அணி எட்ட நினைப்பது. இந்த எண்ணை அணி வைக்கவில்லை. 2023இல் 3 வென்று 9 தோற்ற இந்தியானா, 2024 வழக்கமான ஆட்டங்களில் 11 வென்று 1 தோற்றது. அவர்கள் இலக்கு என்னவாக இருந்ததோ, வெளியார் வைத்த எண் அதுவாக இருந்திருக்காது.

கோவை மொழிபெயர்ப்பாளர்:

இரண்டு பொருள் என்று பிரித்துக் காட்டியதற்குக் கொலம்பஸ் நண்பருக்கு நன்றி, இல்லாவிட்டால் தப்பாகப் போயிருக்கும். 'வெற்றிக் கணிப்பெண்' என்று வைக்கட்டுமா? மாறாகச் சொல்பவர்கள் இன்று மாலைக்குள் சொல்லுங்கள்.

ஈரோடு:

யார் அந்தக் கணிப்பெண்? கல்யாணம் ஆகிவிட்டதா?

மதுரை மென்பொருளாளர்:

சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் ஈரோடு சொல்வது நிஜமான சிக்கல். 'வெற்றிக் கணிப்பு எண்' என்று பிரித்தே எழுதுங்கள். எனக்கு ஒப்புதல்.

நெல்லை வாத்தியார்:

கணிப்பு என்பது குற்றியலுகரம். உயிர் வந்தால் உகரம் கெடும். நன்னூல் படித்தவர் யாரும் பிரித்து எழுத மாட்டார். கிண்டலுக்குப் பயந்து புணர்ச்சியை விட்டால் நாளை 'பாட்டெழுது' என்பதையும் பிரிப்பீர்கள்.

யாழ்ப்பாணத்து ஆசிரியை:

பிரித்து எழுதுவதற்கு ஒப்புதல். இலங்கைப் பதிப்பு வந்தால் நாங்கள் 'எதிர்வுகூறல் எண்' என்று மாற்றிக்கொள்வோம்.

கொலம்பஸ்காரன்:

எனக்கும் ஒப்புதல். இங்கே பேச்சில் நாங்கள் 'வின் டோட்டல்' என்றுதான் சொல்லப் போகிறோம், அது வேறு.

ஈரோடு:

சரி, போட்டுவிடுங்கள். தூக்கம் வருகிறது.

கோவை மொழிபெயர்ப்பாளர்:

நால்வர் ஒப்புதல், ஒருவர் மறுப்பு. 'வெற்றிக் கணிப்பு எண்' என்றே கோப்பு போகிறது. 'மேல்', 'கீழ்' இரண்டும் அப்படியே. நன்றியுரையில் இழையில் எழுதிய அனைவரையும் சேர்க்கிறேன்.

நெல்லை வாத்தியார்:

புணர்ச்சி விதியை மீறி அச்சாகும் பாடத்தில் என்னைச் சேர்க்க வேண்டாம். விரிச்சி பற்றிய குறிப்பை மட்டும் வேண்டுமானால் அடிக்குறிப்பில் போட்டுக்கொள்ளுங்கள்.