ஒரே 5 ஓட்டை, ஒரே 90 செ.மீ. லேஸ், ஒரு ஷூவுக்குச் சரி, இன்னொன்றுக்குத் தொங்குகிறது, ஏன்?

மாடிப்படி:
வீட்டில் மூன்று ஜோடி ஷூ லேஸ் இல்லாமல் கிடந்தன. ஆபீஸ் போகிற கறுப்பு ஷூவுக்கு ஒரு பக்கத்துக்கு 5 ஓட்டை. கேன்வாஸுக்கும் 5 தான். காலையில் ஓடப் போகிற ஷூவுக்கு 6, அதற்கும் மேலே கணுக்கால் பக்கம் தனியாக ஒரு ஓட்டை இருக்கிறது, அது எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கடையில் "எத்தனை ஓட்டை சார்?" என்று கேட்டார்கள், 5 என்றதும் 90 செ.மீ. பாக்கெட் இரண்டை எடுத்து நீட்டிவிட்டார்கள். கேன்வாஸுக்குக் கச்சிதம். ஆபீஸ் ஷூவில் போட்டால் முயல் காது மாதிரி இரண்டு பக்கமும் தொங்குகிறது, நேற்று லிஃப்டில் பக்கத்தில் நின்றவர் மிதித்தே விட்டார். ஓட்டை எண்ணிக்கை ஒன்றுதானே, அப்புறம் ஏன் இப்படி? ஓடுகிற ஷூவுக்கு இன்னும் வாங்கவில்லை, அதற்கு எவ்வளவு வாங்கலாம்?

சும்மா_ஒருவன்:
பழைய லேஸை நீட்டி வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள், முடிந்தது வேலை.

மாடிப்படி:
பழசு இருந்தால் நான் ஏன் இங்கே வந்து கேட்கப் போகிறேன் நண்பா.

ஆம்பூர்_பக்கம்:
ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சில வருடம் இருந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், ஓட்டையை மட்டும் எண்ணி லேஸ் கொடுப்பது பாதிக் கணக்குதான். இரண்டு வரிசை ஓட்டைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதுதான் மீதிப் பாதி, கடையில் அதை யாரும் கேட்க மாட்டார்கள். உங்கள் ஆபீஸ் ஷூ அநேகமாக ஆக்ஸ்போர்ட் வகை. அதில் ஓட்டை உள்ள இரண்டு மடலும் முன்பக்கத் தோலுக்கு அடியில் போய்த் தைக்கப்பட்டிருக்கும், இறுக்கினால் கிட்டத்தட்ட ஒன்றையொன்று தொட்டுவிடும். டெர்பி என்கிற இன்னொரு வகையில் மடல்கள் தோலுக்கு மேலே உட்காரும், நன்றாக விரியும். கேன்வாஸும் விரிகிற ஜாதிதான்.

ஒரு டேப் எடுத்துக்கொள்ளுங்கள். ஷூவை சாக்ஸோடு காலில் போட்டு, எழுந்து நின்று அளக்க வேண்டும், ஏனென்றால் கால் தடித்தவருக்கு அதே ஷூவில் இடைவெளி அதிகமாகும். உங்கள் ஆபீஸ் ஷூவில் குறுக்கே 2.5 செ.மீ., ஒரு ஓட்டைக்கும் அடுத்ததற்கும் 1.5 என்று வைப்போம். கத்தரி போட்ட மாதிரி குறுக்கே கோக்கும்போது ஒவ்வொரு சாய்வும் சுமார் 2.9 வரும். 5 ஜோடி ஓட்டைக்கு 8 சாய்வு, அதாவது 23 செ.மீ., அடியில் நேராகப் போகிற 2.5-ஐச் சேர்த்தால் 26. முடிச்சுப் போட ஒரு பக்கத்துக்கு 25 வீதம் 50. ஆக 76, நீங்கள் கேட்க வேண்டியது 75 செ.மீ. பாக்கெட். கேன்வாஸில் குறுக்கே 4.5, ஓட்டைக்கு ஓட்டை 2 என்றால் சாய்வு 4.9 ஆகிவிடும், அதே 8 சாய்வுதான், ஆனால் மொத்தம் 94-க்குப் போகிறது. 90 கச்சிதமாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

கணக்கே வேண்டாம் என்றால் ஒரு சணல் கயிற்றைக் கோத்துப் பாருங்கள், மேல் ஓட்டைக்கு வெளியே இரண்டு பக்கமும் ஒரு சாண், அதற்கு மேல் நாலு விரல் விட்டு வெட்டி, உருவி அளந்துவிடுங்கள். நாங்கள் சாம்பிள் ஷூவுக்கு அப்படித்தான் பார்ப்போம்.

விடியல்_ஓட்டம்:
அந்தத் தனி ஓட்டை குதிகால் ஷூவுக்குள் ஏறி இறங்காமல் பிடிப்பதற்கு. ஆறாவது ஓட்டைக்கு அப்புறம் குறுக்கே போகாமல் அதே பக்கத்துத் தனி ஓட்டைக்குள் லேஸை விட்டால் வெளிப்பக்கம் சின்ன வளையம் ஒன்று நிற்கும். எதிர்ப்பக்க நுனியை அந்த வளையத்துக்குள் நுழைத்து, கீழ்ப்பக்கமாக இழுத்து இறுக்கிவிட்டு வழக்கம்போல முடிச்சுப் போடுங்கள். இறக்கத்தில் ஓடும்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும், எனக்குக் கட்டைவிரல் நகம் கறுத்துப் போவது இதற்கு அப்புறம்தான் நின்றது. இதற்குக் கூடுதலாகப் பத்துப் பன்னிரண்டு செ.மீ. பிடிக்கும். 6 ஓட்டை ஓட்ட ஷூவுக்கு 110 போதும் என்றால், இப்படிக் கோக்க 120 வாங்குங்கள். சில பாக்கெட்டில் இன்ச்தான் போட்டிருக்கும், 45 இன்ச் என்றால் 114 செ.மீ., 48 என்றால் 122. உருண்டை பாலியஸ்டர் லேஸ் வழுக்கும், ஓடுவதற்குப் பட்டை லேஸே எடுங்கள்.

முடிச்சு_மாமா:
நீளம் கூடினால் மிதிபடுவது மட்டும் பிரச்சினை இல்லை, சீக்கிரம் அவிழவும் செய்யும். 2017-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதையே ஆராய்ந்திருக்கிறார்கள். கால் தரையில் அடிக்கிற அதிர்ச்சி முடிச்சைத் தளர்த்துகிறது, வீசி நடக்கும்போது தொங்குகிற நுனிகள் சாட்டை மாதிரி ஆடி அதை இழுத்துவிடுகின்றன. நுனியில் எடையைக் கட்டிப் பார்த்தபோது அதிகமாக அவிழ்ந்ததாம். அதோடு முடிச்சையும் ஒரு தடவை பாருங்கள், இரண்டு காதும் பாதத்துக்குக் குறுக்கே படுக்காமல் கணுக்காலுக்கும் விரலுக்குமாக நீளவாக்கில் திரும்பி நின்றால் தப்பாகக் கட்டுகிறீர்கள். முதலில் போடுகிற அடி முடிச்சை மட்டும் எதிர்த் திசையில் போடுங்கள். எனக்கு இது நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது, அதுவரை லேஸ் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மாடிப்படி:
சணல் கட்டிப் பார்த்துவிட்டேன். ஆபீஸ் ஷூவுக்கு 77 வந்தது, ஓட்ட ஷூவுக்குத் தனி ஓட்டையையும் சேர்த்து 119. ஆம்பூர் அண்ணனுக்கு நன்றி. 120 கிடைத்துவிட்டது, 75-ல்தான் கறுப்பு இல்லை, காப்பி நிறம் மட்டுமே இருக்கிறதாம். அந்த 90-ஐயே வெட்டிப் போடலாமா? நுனியில் இருக்கிற பிளாஸ்டிக் போய்விட்டால் பிரிந்துகொண்டு வருமே?

ஆம்பூர்_பக்கம்:
தாராளமாக வெட்டலாம். எலக்ட்ரிக்கல் கடையில் ஒயருக்குப் போடுகிற ஹீட் ஷ்ரிங்க் டியூப் கிடைக்கும், லேஸ் நுழைகிற அளவில் சின்னதாக வாங்கி ஒன்றரை செ.மீ. நறுக்கி, நுனியில் மாட்டி லைட்டரைத் தள்ளிப் பிடித்துச் சூடு காட்டுங்கள், சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். பாலியஸ்டராக இருந்தால் நுனியை லேசாக உருக்கிவிட்டு டியூப் போடலாம், பருத்தி என்றால் உருகாது, கருகிவிடும், அதில் நூலைச் சுற்றிப் பசை தடவுங்கள். ஒரு நுனியில் மட்டும் வெட்டினால் போதும், இரண்டு வேலை எதற்கு.

மாடிப்படி:
13 செ.மீ. வெட்டி டியூப் போட்டாயிற்று. இடது கால் அருமை. வலதில் லைட்டரைக் கிட்டே கொண்டுபோய்விட்டேன், நுனி உருண்டையாகி ஓட்டைக்குள் நுழைய மாட்டேன் என்கிறது, மறுபடி ஒரு செ.மீ. வெட்டப் போகிறேன்.