"டாக்டர் தம்பி" என்று ஊரே அழைத்த என் தம்பி இன்று வாசலுக்கே வருவதில்லை: என்ன செய்வது?

கேள்வி: கொள்ளிடக்கரைக்காரி

அனைவருக்கும் வணக்கம். கொள்ளிடக் கரையிலுள்ள ஒரு சிற்றூர் எங்களுடையது. திருமணத்துக்குப் பிறகு நான் திருச்சியில் இருக்கிறேன். என் தம்பியைப் பற்றிக் கேட்கவே இதை எழுதுகிறேன். அவனுக்குச் சென்ற ஆவணியில் 18 வயது நிறைந்தது. பிளஸ் டூ முடித்த கையோடு நீட் எழுதி 398 மதிப்பெண் பெற்றான். அது போதாது என்பதால், மறுமுறை எழுதுவதற்காக வெளிமாவட்டத்தில் விடுதியுடன் கூடிய ஒரு பயிற்சி மையத்தில் ஆடி மாதம் சேர்த்தோம். நெல் விற்ற பணம் போதாமல் அம்மாவின் நகையை அடகு வைத்து, அப்பா ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினார்.

பொங்கலுக்கு நான்கு நாள் விடுப்பில் வந்தவன் திரும்பிப் போகவில்லை. முதலில் வயிறு சரியில்லை என்றான். பிறகு காரணம் எதுவும் சொல்லவில்லை. ஐந்து வாரங்கள் ஆகிவிட்டன. விடியும்வரை விழித்திருந்து, பகலில் தூங்குகிறான். குளிப்பதற்கே அம்மா மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கிறது. சட்டை தொளதொளவென்று ஆகுமளவுக்கு இளைத்துவிட்டான். கிரிக்கெட் பார்ப்பதற்காக அடுத்த ஊருக்குச் சைக்கிள் மிதித்தவன், இப்போது தொலைக்காட்சியில் ஆட்டம் ஓடினாலும் தலையைத் திருப்புவதில்லை. அந்த மையத்தில் வாரத் தேர்வு மதிப்பெண்களைச் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் ஒட்டுவார்களாம். மதிப்பெண்படி வகுப்பு மாற்றுவார்களாம். இவன் இரண்டு முறை கீழ் வகுப்புக்கு இறக்கப்பட்டிருக்கிறான் என்பதே அவனுடைய நண்பன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் அவன் 487 எடுத்தபோது, ஊர் இளைஞர்கள் "எங்கள் ஊரின் வருங்கால மருத்துவரே" என்று எழுதிப் பேருந்து நிறுத்தத்தில் பேனர் வைத்தார்கள். அன்று முதல் கடைக்காரர், நடத்துனர், கோயில் பூசாரி என எல்லோருக்கும் அவன் "டாக்டர் தம்பி"தான். அந்த பேனர் பிறகு எங்கள் ஆட்டுக்கொட்டகையின் கூரைக்கு மழைக்காப்பாகப் போனது. அவனுடைய முகம் வெளிப்பக்கமாகத் தெரியும்படி இன்னும் அங்கேயே கிடக்கிறது. இப்போது அவன் கொல்லைப்புறம் போவதே இல்லை.

படிக்க வணங்காமல் சாக்குச் சொல்கிறான், கொண்டுபோய் விட்டால் சரியாகிவிடும் என்பது அப்பாவின் முடிவு. அம்மா கண்ணேறு என்று வெள்ளிதோறும் மந்திரிக்கச் செல்கிறார். மனநல மருத்துவரிடம் காட்டலாம் என்று நான் சொன்னதற்கு, "வெளியே தெரிந்தால் நாளைக்கு இவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?" என்று அழுதார். நேற்று முன்தினம் இரவு அவன் என்னிடம் தொலைபேசியில், "நான் இல்லாமல் போனால் உங்களுக்குக் கடனாவது மிச்சமாகும், அக்கா" என்றான். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. தேர்வு மே மாதம். அவனை அனுப்புவதா, வீட்டிலேயே வைத்துக்கொள்வதா, யாரிடம் காட்டுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1: இரண்டுமுறை எழுதியவன்

அக்கா, நான் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நீட் எழுதியவன். இப்போது ஓர் அரசுக் கல்லூரியில் கதிரியக்கப் படத் தொழில்நுட்பம் படிக்கிறேன். உங்கள் தம்பி சொல்லாததை, என் அனுபவத்திலிருந்து கொஞ்சம் சொல்லிப் பார்க்கிறேன்.

மதிப்பெண் குறைந்த வருத்தம் எனக்குச் சில வாரங்களில் ஆறிவிட்டது. ஆறாமல் இருந்தது வேறு. யாராவது "என்ன பண்றப்பா?" என்று கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. கல்லூரி மாணவன் என்று சொல்ல முடியாது, பள்ளி மாணவனும் இல்லை, வேலையும் இல்லை. பதின்மூன்று வயதிலிருந்து "மருத்துவராகப் போகிறவன்" என்ற ஒரே பெயரில் வாழ்ந்தவனிடமிருந்து அந்தப் பெயரை எடுத்துவிட்டால், கண்ணாடியில் பார்ப்பதற்குக்கூட ஆள் இல்லாததுபோல் இருக்கும். நான் முடி வெட்டிக்கொள்ளவே மூன்று மாதங்கள் போகவில்லை. வெட்டுபவர் பேச்சுக் கொடுப்பார் என்ற பயம்தான் காரணம். 2024இல் சுமார் 24 லட்சம் பேர் நீட்டுக்கு விண்ணப்பித்தார்கள். நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம். ஆனாலும் இடம் கிடைக்காத பெருங்கூட்டத்தில் நானும் ஒருவன் என்று தோன்றவில்லை. நான் ஒருவன் மட்டுமே தோற்றதாகத்தான் தோன்றியது.

வீட்டில் எல்லோரும் "பரவாயில்லை, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். அன்பாகச் சொன்னதுதான், ஆனால் அந்த "அடுத்த முறை" என் தலையில் இன்னொரு மூட்டையாகவே இறங்கியது. படிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் என்னை அணுகியவர் என் மாமா ஒருவர்தான். விடிகாலையில் மோட்டார் போடப் போகும்போது, "டார்ச் பிடிக்க ஆள் வேணும், வாடா" என்று கூப்பிடுவார். வரப்பில் நடக்கும்போதும் எதுவும் கேட்க மாட்டார். பத்து நாள் கழித்து, நானாகவே அவரிடம் பேசினேன். அவர்தான் என்னை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் பேருந்தில் அழைத்துச் சென்றார். மாத்திரை சாப்பிட்ட முதல் இரண்டு வாரங்கள் எந்த மாற்றமும் தெரியவில்லை. நான்காவது வாரத்தில் ஒருநாள் காலையில் பசித்தது. அந்தப் பசி இன்னும் நினைவில் இருக்கிறது.

இப்போதைக்கு அவனைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அந்த பேனரையும் அவன் பார்க்கும்படி எடுக்காமல், சத்தமில்லாமல் எடுத்துவிடுங்கள்.

மறுமொழி 2: அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் பணிபுரிபவர்

சகோதரி, மற்ற எதையும்விட முதலில் உங்கள் தம்பி தொலைபேசியில் சொன்ன அந்த வாக்கியத்தைக் கவனியுங்கள். அதைக் கோபத்தில் உதிர்ந்த பேச்சு என்று ஒதுக்க வேண்டாம். இன்றே ஊருக்குப் போய், தனியாக உட்கார்ந்து, "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேரடியாகக் கேளுங்கள். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள், அது உண்மையில்லை. பல நாட்களாக ஒருவன் தனியாகச் சுமந்ததை இறக்கி வைக்க அந்தக் கேள்வியே இடம் கொடுக்கிறது. அவன் பதில் சொல்லும்போது அறிவுரை கூறாமல், சத்தியம் வாங்காமல், கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால், மருத்துவரிடம் சேரும்வரை அவனைத் தனியே விடாதீர்கள். அன்றே அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வயல் வைத்திருக்கும் வீடு என்பதால் சொல்கிறேன்: பூச்சிமருந்தையும் வீட்டிலுள்ள மாத்திரைகளையும் அவனுக்கு எட்டாத வேறிடத்தில் பூட்டி வையுங்கள். நள்ளிரவில் யாரிடமாவது பேச வேண்டியிருந்தால், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை நீங்களும் அழைக்கலாம், அவனும் அழைக்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய அந்தச் சேவை 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

தூக்கம் தலைகீழானது, உடல் மெலிந்தது, பிடித்ததிலும் நாட்டம் போனது, தன்னைப் பாரமாக நினைப்பது ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், மனச்சோர்வு நோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது ஐந்து வாரங்கள். நேரில் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்வது முறையல்ல. ஆனால் இதைச் சோம்பல் என்று நான் கருத மாட்டேன். சோம்பேறி ஓய்வில் சுகம் காண்பான். உங்கள் தம்பி எதிலுமே சுகம் காணவில்லை என்பதை அப்பாவுக்கு எடுத்துச் சொல்லுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 10 முதல் 19 வயதுள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலக் குறைபாடு இருக்கிறது. உங்கள் ஊரிலேயே இன்னும் சில வீடுகளில் இதே கவலை கதவுக்குள் இருக்கும்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. ஆலோசனைக்கும் மாத்திரைக்கும் கட்டணமில்லை. பல இடங்களில் காலை நேரப் புறநோயாளிப் பிரிவுதான் என்பதால் சீக்கிரமே சென்று சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாளிலேயே ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்; தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதே சோர்வைக் கொடுக்கக்கூடியவை. மாத்திரை தந்தால், அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். தூக்க மாத்திரைபோல் பழக்கமாகிவிடும் என்ற பயம் வேண்டாம். நன்றாகிவிட்டது என்று தானாக நிறுத்தவும் கூடாது. இளம் வயதினருக்குத் தொடக்க வாரங்களில் பதற்றமோ தவறான எண்ணமோ கூடினால், அடுத்த தேதிக்காகக் காத்திராமல் உடனே வர வேண்டும்.

அம்மாவின் அச்சத்துக்கும் பதில் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சை பெறுபவரின் விவரங்களை மருத்துவமனை ரகசியமாகக் காக்க வேண்டும். அவனுக்கு 18 நிறைந்துவிட்டது என்பதால் பொதுவாக அவனுடைய சம்மதத்தோடுதான் சிகிச்சை நடக்கும். ஏமாற்றி அழைத்து வராதீர்கள். "தூக்கத்துக்காகவாவது ஒருமுறை பார்க்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். தூக்கமின்மையை ஒப்புக்கொள்வதில் யாருக்கும் வெட்கமில்லை. மந்திரிப்பதில் அம்மாவுக்கு ஆறுதல் கிடைத்தால் அதைத் தடுக்கவும் வேண்டாம். மருத்துவமனைக்கும் வரட்டும், அது போதும்.

மறுமொழி 3: தாவரவியல் ஆசிரியர்

நான் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் கற்பிக்கிறேன். முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: நன்றாகப் படிக்கும் பிள்ளையைப் பத்தாம் வகுப்பிலேயே "டாக்டர்" என்று அழைக்கத் தொடங்குவதில் எங்களுக்கும் பங்கு உண்டு. அதை வாழ்த்தாகத்தான் நினைத்தோம்.

அனுப்ப வேண்டாம் என்று முதல் மறுமொழியில் வந்ததை ஏற்கிறேன். ஆனால் வீட்டில் இருப்பதே ஓய்வாகிவிடாது. அப்பாவின் மௌனமும் அடகுச் சீட்டும் இருக்கும் வீட்டில், ஒவ்வொரு கவளமும் கடனாகத்தான் இறங்கும். சில நாள் உங்களுடன் திருச்சியில் இருக்க முடியுமா என்று பாருங்கள். அங்கே அவனை "டாக்டர் தம்பி" என்று அழைக்க ஆள் இல்லை. அவன் ஒப்புக்கொண்டால் மட்டும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயிற்சி மையங்களுக்காக மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, முழுக் கட்டணம் செலுத்தியவர் இடையில் விலகினால், மீதமுள்ள காலத்துக்கான தொகையை விடுதிக் கட்டணம் உட்பட 10 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். மாணவர்களை மதிப்பெண்படி பிரித்து வைப்பதையும் பலர் முன்னிலையில் அவமானப்படுத்துவதையும் பயிற்சி மையங்கள் தவிர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஜூலையில் கூறியிருக்கிறது. கேட்டவுடன் தந்துவிடுவார்கள் என்று நம்பிவிடாதீர்கள். எழுத்துப்பூர்வமாக, பதிவு அஞ்சலில் கேளுங்கள். ஒரு பகுதி கிடைத்தாலும், "கடனாவது மிச்சம்" என்ற அவனுடைய கணக்கில் அதற்கு இடமிருக்கிறது. அந்தக் கடிதத்தை நீங்களோ உங்கள் கணவரோ எழுதுங்கள்; அவனிடம் விட வேண்டாம்.

கேள்வி கேட்டவரின் பதில், பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு

உங்கள் மூவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அன்று மாலையே ஊருக்குப் போனேன். அவன் அறையில், விளக்குப் போடாமலே, அந்தக் கேள்வியைக் கேட்டேன். கேட்கும்போது என் குரல்தான் நடுங்கியது. நெடுநேரம் பதில் இல்லை. பிறகு, "தோணுது அக்கா, ஆனா பயமா இருக்கு" என்றான். விடியும்வரை அவன் பக்கத்திலேயே இருந்தேன். அதிகாலையில் 14416க்கு இருவரும் சேர்ந்து பேசினோம். அன்று காலையே திருச்சி அரசு மருத்துவமனைக்குச் சென்றோம். மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். ரத்தத்தில் அணுக்களும் குறைவு என்று அதற்கும் மருந்து தந்தார்கள். இப்போது அவன் என் வீட்டில்தான் இருக்கிறான். பகலில் நானும் இரவில் என் கணவரும் அருகில் இருக்கிறோம்.

பெரிய மாற்றம் என்று சொல்ல இன்னும் எதுவுமில்லை. இரவு இரண்டு மணிக்குள் தூங்கிவிடுகிறான். என் மகளைப் பால்வாடிக்கு அழைத்துச் செல்லும் வேலையைக் கேட்காமலே எடுத்துக்கொண்டான். அவள் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் "குட்டி மாமா". தேர்வைப் பற்றி இந்த மே மாதம் முடியும்வரை வீட்டில் யாரும் பேசுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்குப் பிறகு என்ன படிப்பது என்பதை அவன் சொல்லும்போது கேட்டுக்கொள்வோம். மையத்துக்குப் பதிவு அஞ்சல் அனுப்பியாகிவிட்டது, பதில் வரவில்லை.

அப்பா மருத்துவமனைக்கு வரவில்லை. ஆனால் நேற்று அம்மா தொலைபேசியில் ஒன்று சொன்னார். கொட்டகைக் கூரையிலிருந்த பேனரை அப்பா இறக்கி மடித்துப் பரணில் போட்டுவிட்டு, புதுக் கீற்று வேய்ந்திருக்கிறாராம். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, "ஒழுகுது" என்று மட்டும் சொன்னாராம். அடுத்த பரிசோதனை வரும் செவ்வாய்க்கிழமை.